குளியலறைத் தரையின் சூடு

ஜன்னலில் பனியின் நீல வெளிச்சம். காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு வந்த மெக்கானிக் தாபானி, காலுறையோடு என் குளியலறையில் நிற்கிறார். "ஏன் தம்பி, வீடெல்லாம் விறைக்குது, இங்க மட்டும் தரை சுடுது. சவுனா நீராவிக் குளியலை இங்க மாத்திட்டியா?" சிரித்தபடியே வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பின் திரையைத் தட்டுகிறார். "தெர்மோஸ்டாட் போதும்ங்குது, டைமர் கேக்க மாட்டேங்குது. சூடு மொத்தமும் இங்கயே வருது. டைமர்ல விடியறதுக்கு முன்னாடின்னு வச்சிருக்கு, அந்நேரத்துல யாரு குளிக்கிறா?" "என் மனைவி வெர்னா வச்ச நேரம் அது. ஆஸ்பத்திரியில காலை ஷிப்டு. வெறுங்காலோட வருவா. போன மாசம் இறந்துட்டா." பம்ப் முனகுவது கேட்கிறது. அவர் விரல் பொத்தான்மேல் நிற்கிறது. "இந்த நேரத்தை அழிச்சாத்தான் மத்த அறைக்குச் சூடு வரும். அழிச்சிடவா?" இப்போதெல்லாம் விடியலில் ஈரமே படாத தரையின் வெதுவெதுப்பு என் பாதங்களில் ஏறுகிறது. "வேண்டாம்" என்கிறேன். கொக்கியிலிருந்து இன்னொரு கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.