மேசைக்கு வந்த பளபளப்பு

பழைய எழுதுமேசை ஒன்று, தன் மேல்பலகை முழுக்க மைக்கறையும் காபி வட்டமுமாக இருப்பதை எண்ணிக் கூசிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதன் சொந்தக்காரி பூங்கோதை உப்புத்தாளோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கீறலைக்கூட விட்டுவைக்காதே," என்று மேசை உப்புத்தாளிடம் கெஞ்சியது.

"அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது," என்ற உப்புத்தாள், கிழியும்வரை தேய்த்துக் கொடுத்துவிட்டுக் குப்பைக்குப் போனது.

வார்னிஷ் காய்ந்ததும் மேசை முகம் பார்க்கலாம்போலப் பளபளத்தது. பூங்கோதை அதை ஆசையாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அழகு கெட்டுவிடக் கூடாதென்று கெட்டித் துணியால் மூடி, மேலே ஒரு பூச்சாடியை வைத்தாள்.

மேசை நெடுநாள் காத்திருந்தது. கடைசியில், கதவருகே நின்ற நாற்காலியிடம் கேட்டது: "அவள் இப்போதெல்லாம் எழுதுவதே இல்லையா?"

"எழுதுகிறாளே," என்றது நாற்காலி. "அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, சப்பாத்திப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு."