கோணல் அறுப்பு

கிழவர் ஜகாரும் மனைவி க்ளாவ்தியாவும் கொண்டுவந்த வேட்டைத் துப்பாக்கியைச் சுரண்டிப் பார்த்த கிளெப் துள்ளினான். பழைய துப்பாக்கிகளைச் சீர்செய்வதில் வோலக்தா நகரிலேயே கெட்டிக்காரன் அவன்.

“ஐயா, இங்க ஓட்டைகளை அடைச்சிருக்காங்க பாருங்க. தொலைநோக்கி மாட்டின இடம்! போர்ல மறைஞ்சிருந்து குறிபார்த்துச் சுட்ட துப்பாக்கி இது. அப்புறம்தான் வேட்டைக்கு மாத்தியிருக்காங்க.”

“தெரியும்ப்பா. கடையில நம்பரைப் பார்த்துட்டுத்தான் வாங்கினோம். பழையபடி ஆக்கிக் குடு.”

“ஆக்கிடலாம். ஆனா எவனோ ஒரு முட்டாள் தோள்ல வைக்கிற அடிக்கட்டையை ரெண்டு விரக்கடை அறுத்துட்டான். புதுசு போட்டுடறேன்.”

“அதுல மட்டும் கை வைக்காதே. அந்த முட்டாள் நான்தான். போர்முனையில ஆயுதப் பட்டறை வேலை எனக்கு.”

“உங்க துப்பாக்கியை நீங்களே ஏன் அறுத்தீங்க? கைதான் இவ்வளவு நீளமா இருக்கே!”

“என்னுதுன்னு யார் சொன்னா? இவளோடது. அப்ப சின்னப் பொண்ணு, விசைக்குக் கை எட்டலைன்னு அழுதுக்கிட்டு வந்து நின்னா.”

“அழலை, திட்டினேன்,” என்ற க்ளாவ்தியா துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. “அதையும் கோணலா அறுத்துட்டார்.”

“அப்பவும் இதையே சொல்லிக்கிட்டுத் தினம் என் பட்டறைக்கு வந்து நிப்பா!”

கிளெப் அளவுகோலை வைத்துப் பார்த்தான். அறுப்பு நேராகத்தான் இருந்தது.

க்ளாவ்தியா வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.