பிறந்த வீட்டுக் கோடி

எய்ட்ஸில் செத்துப்போன உமாதேவியைத் தொடுவதற்கு அனுமந்தன்பட்டியில் ஆளில்லை. எந்த மிஷனையும் சேராத ஊழியக்காரி எப்சிபாய்தான் அவளைத் தன் கையால் குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கிறாள். பிறந்த வீட்டுக் கோடியோடு வந்த அண்ணன் சுருளிராஜன் வாசலிலேயே நின்று, புதுச்சேலையைக் கம்பு நுனியில் மாட்டி உள்ளே நீட்டுகிறான். சேலையின் சரிகை வெயிலில் மினுங்குகிறது. "நீங்களே போத்திவிட்ருங்க சிஸ்டர். நான் புள்ளகுட்டிக்காரன்." எப்சிபாய் ஈரக்கையால் கம்பைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து முறிக்கிறாள். சேலை வாசல் புழுதியில் விழுகிறது. "கோடி எங்க வேதத்துல இல்ல, ஒங்க மொற. அண்ணன் கையால விழணும்னு சாகுறமட்டும் கேட்டுக்கிட்டே கெடந்தா. நீ எடுத்துக்கிட்டு உள்ள வர்றமட்டும் இவ இங்கனதான் கெடப்பா." தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டத் தொடங்குகிறாள். சுருளிராஜனின் ஒரு கால் நிலைப்படியில் ஏறி, மறுபடி இறங்குகிறது.