இன்னும் அஞ்சே நிமிஷம்

"இன்னும் அஞ்சே நிமிஷம் கண்ணு, விட்டுடாதே!" என்றாள் அம்மா.

மகளுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது, கால்கள் வெடவெடத்தன.

"முடியலம்மா. நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"நேத்து பதினஞ்சு நிமிஷம் தாக்குப்பிடிச்சியே, இன்னிக்கு இருபது முடியாதா?"

அம்மா மகளின் கையை விடவில்லை.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது ஆச்சு! சபாஷ்டா!"

அம்மா பொலபொலவென்று அழுதுவிட்டாள். சாப்பிட்டதைக் கரைக்கிறேன் என்று மாடிப்படியை நூறு தடவை ஏறி இறங்கி, எலும்பும் தோலுமாகிப்போன பதினாலு வயதுப் பெண், சாப்பாடு முடிந்ததும் இருபது நிமிஷம் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறாள்!

மகள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அழாதம்மா. நீயும் கொஞ்சம் உட்காரு, எவ்வளவு நேரம்தான் நிப்பே?"