கருகிய குரல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்கிறவன் நாக்கு அழுகிப் போகட்டும்.

தூத்துக்குடி தொம்மை பர்னாந்துவின் ஒரே மகன் இக்னேசிக்கு நிலவில் சுரங்க வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் ரேடியோவில் கூப்பிடுவான். குரல் மட்டும்தான் வரும் என்றாலும், தொம்மை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டுதான் ரேடியோ முன்னால் உட்காருவார்.

தவக்காலம் பிறந்ததும் சூரியனில் புயல் அடிக்கத் தொடங்கியது. நிலவிலிருந்து கிளம்பிய குரல்களெல்லாம் பாதிவழியிலேயே கருகிவிட்டன. தெருவெங்கும் தீய்ந்த வாடை. தொம்மை முற்றத்தில் உதிர்ந்து கிடந்த கரியைக் கூட்டி முறத்தில் அள்ளினார். ஒரு துகளைக் காதருகே கொண்டுபோனபோது "அப்பா" என்பதில் பாதி கேட்டது.

பக்கத்து வீட்டுச் செலஸ்தீன் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, இந்த வாரமும் மவன் பேசலியா?"

"சூரியன்ல புயலடிக்குல்லா? எப்படிப் பேசுவான்?"

"எம் மவனும் அங்கனதான இருக்கான்? இப்பந்தான் அரை மணி நேரம் பேசுனான்."

"ஒம் மவன் நெழல்ல நின்னு பேசிருப்பான். இவனுக்கு வெயில்ல வேலை தாயி."

செலஸ்தீன் கொஞ்ச நேரம் அவர் சட்டையையே பார்த்தாள். உள்ளே போய் ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொண்டுவந்து மதில்மேல் வைத்தாள்.

"ஆமாண்ணே, கரிவாடை ரொம்பத்தான் அடிக்கி," என்றாள்.

தொம்மை சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் அடுத்த ஞாயிறுக்கு எடுத்து வைத்தார்.

அந்த ஆண்டு முழுவதும் சூரியனில் ஒரு புயல்கூட அடிக்கவில்லை.