பல் போன பிரிண்டர்

“இந்த பிரிண்டரை இன்னிக்காவது பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாமாங்க?” என்றாள் மனைவி.

“ஒரு பல்சக்கரம் உடைஞ்சதுக்கு முழுசையும் தூக்கிப் போடுவாங்களா? நானே வெட்டி மாட்டுறேன்னு சொன்னேன்ல?”

சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. சக்கரம் வெட்டுவதற்காகக் கணவர் தானே கட்டிய பிளாஸ்டிக் வெட்டும் மெஷினுக்கு இன்றுதான் வெள்ளோட்டம். மைத்துனன் வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

“மோட்டார் புதுசா மாமா?”

“கடையில வாங்குறவன் வாடிக்கையாளன்டா. பழசுலேருந்து கழட்டுறவன்தான் இன்ஜினியர். இது ஸ்டெப்பர் மோட்டார். கம்ப்யூட்டர் சொன்ன அளவுக்கு மேல ஒரு மயிரிழை திரும்பாது.”

கம்ப்யூட்டரைத் தட்டினார். மோட்டார் சொன்னபடி கேட்டது. பிளாஸ்டிக் துண்டு அழகான பல்சக்கரமாகி விழுந்தது. பிரிண்டருக்குள் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. மனைவியின் முகத்தில்கூட லேசாக மரியாதை எட்டிப் பார்த்தது.

சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. காகிதம் அசையவில்லை.

மைத்துனன் உள்ளே குனிந்து பார்த்தான். “சக்கரம் பிரமாதம் மாமா. அதைச் சுத்துற மோட்டாரைத்தான் காணோம்.”

“அதைக் கழட்டாம இந்தச் சக்கரத்தை எப்படிடா வெட்டுறது?” என்றார் அவர், கம்பீரம் குறையாமல்.

மனைவி போனை எடுத்தாள். “பழைய சாமான்காரரா? கொஞ்சம் பெரிய வண்டியா எடுத்துட்டு வாங்க. இப்ப ரெண்டு உருப்படி இருக்கு.”