தொண்ணூற்றாறு டிகிரி

பைக்கில் போன அகிலனை இன்று காலை பிணமாகக் கொண்டுவந்தார்கள். அவன் பாதியில் விட்டுப்போன விளையாட்டு லேப்டாப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தன் முகத்தையே வைத்து அவன் உருவாக்கிய வீரன், நெஞ்சு ஏறி இறங்க, திரையில் மூச்சுவிட்டபடி நின்றிருந்தான்.

“ரொம்ப சூடாயிடுச்சும்மா, தானா அணைஞ்சிடும். அப்புறம் தொறக்க முடியாது, பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டுந்தான் தெரியும்” என்றான் நண்பன் ரியாஸ்.

அம்மா சுகந்தி முறத்தால் விசிறினாள். அடியில் ஈரத்துணியை வைத்தாள். திரையின் மூலையில் தொண்ணூற்றாறு டிகிரி என்று காட்டியது. ஒயரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். அங்கே ஃப்ரீசர் பாக்ஸில் மகன் கிடந்தான்.

“மூடியத் தொறந்தா கூலிங் போயிடும்மா” என்றார் பாக்ஸ் கொண்டுவந்தவர்.

அவள் அதற்குள் திறந்துவிட்டாள்.

“அவனக் கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எடம் போதும்.”